செட்டிபாளையம் வரைக்கும்

ஆசுபத்திரியில் அந்தப் பிள்ளை
கதிரையில் என்னை நிமிர்த்தி இருத்திச் சொன்னது:
"மூத்திரத்த இடையில நிப்பாட்டுற மாதிரி
உள்ளுக்க இறுக்குங்க ஐயா.
மூச்சப் பிடிக்காதீங்க.
பத்து எண்ணுங்க. பிறகு விடுங்க."
என் மருமகளை விடச் சின்ன வயசு.
நான் சுவரில் இருந்த டெங்கு நுளம்பின் படத்தையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணத் தொடங்கினால்
கை சட்டைப்பைக்குப் போகிறது, மிச்சக்காசு தேடி.
முப்பத்தொரு வருசம் கல்முனை மட்டக்களப்பு பஸ்ஸில்
கண்டக்டராக நின்ற கை.
ஆகையால் ஊர்களைச் சொல்லி இறுக்குகிறேன்:
பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை,
பெரியகல்லாறு, கோட்டைக்கல்லாறு, ஓந்தாச்சிமடம்,
களுவாஞ்சிகுடி, களுதாவளை, தேற்றாத்தீவு,
செட்டிபாளையம். பத்து.

முதல் மாதம்
மருதமுனை தாண்டவில்லை.

டொக்டர் சொன்னார் மூன்று மாதம்.
பிறகு சொன்னார் ஆறு.
பிறகு "ஆளுக்கு ஆள் வித்தியாசம்" என்று
பேனையை மூடினார்.
புரொஸ்டேட்டோடு புற்றும் போனது, அல்ஹம்துலில்லாஹ்.
இது மட்டும் நிற்கவில்லை.
எழும்பினால் ஒரு சொட்டு.
இருமினால் ஒரு கரண்டி.
பேரன் ஓடிவந்து மடியில் குதிப்பான் என்று
அறைக்கதவைச் சாத்தப் பழகிவிட்டேன்.

பெம்பஸ் வாங்க ஒரு கடை இல்லை.
இந்த வீதியில் என்னைத் தெரியாத பாமசி எது?
களுவாஞ்சிகுடியில் "கண்டக்டர் நானா!" என்று கூப்பிட்டு
இஞ்சிப் பிளேன்டீ வேறு தருகிறார்கள்.
என் பஸ் ஒருநாளும் போகாத செங்கலடிக்குப் போனேன்,
மட்டக்களப்பில் மாறி ஏறி.
"எத்தின மாசப் பிள்ளைக்கு?" என்றான் பொடியன்.
அறுபத்தெட்டு வயசுப் பிள்ளைக்கு என்று
சொல்ல வாய் வந்தது.
"பேரனுக்கு" என்றேன்.
அவன் தந்த சைஸ்
என் தொடையில் பாதிக்கும் ஏறவில்லை.

பள்ளியில் முன் சஃப்பில் நின்றவன்.
இப்போது கடைசியில், செருப்புகளுக்குப் பக்கத்தில்.
மௌலவி காதோடு சொன்னார்:
ஒவ்வொரு வக்துக்கும் புதிதாக ஒளு எடுங்கள்,
இடையில் வருவது உங்கள் கணக்கில் இல்லை.
அல்லாஹ்வின் கணக்கு சரிதான்.
சாரத்தின் கணக்கு வேறு.

ஒருநாள் சுபஹுக்கு முன்
கிணற்றடியில் நானே அலசிக்கொண்டிருக்கையில்
குறைஷா வந்து வாளியைப் பறித்தாள்.
"விடு, நாத்தம்" என்றேன்.
"எனக்கென்ன புதுசா" என்றாள்.

நாலாவதுக்குப் பிறகு அவளுக்கும் இதுதானாம்.
தும்மினால். சிரித்தால். நெல்லு மூட்டையில் கை வைத்தால்.
இருபத்தொன்பது வருசம்.
கல்யாண வீடுகளுக்குக் கடும் நிறச் சீலை
அழகுக்கு உடுத்ததில்லையாம்.
என் பஸ்ஸில் வருவதென்றால்
முந்தின ராவிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டாளாம்.

"ஏன்கா எனக்குச் சொல்லல்ல?"

"ஒரு மனிசி பஸ்ஸ நிப்பாட்டச் சொல்லிக் கெஞ்சினதையும்
நீங்க பெல் அடிக்காம விட்டதையும்
வீட்ட வந்து சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னீங்களே,
அண்டைக்குத்தான் சொல்ல இருந்தன்."

அந்த மனிசியின் முகம் எனக்கு வரவில்லை.
ஓந்தாச்சிமடத்துப் பாலத்தில்
சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்த
விரல்கள் மட்டும்.
எங்கே இறங்கினாள் என்பதும் தெரியாது.

இப்போது விளக்கை அணைத்த பிறகு
இரண்டு பேரும் மல்லாந்து கிடந்து இறுக்குகிறோம்.
நான் ஊர்களைக் கூவுகிறேன், மெதுவாக,
பக்கத்து அறையில் மகள்.
இது ஏழாம் மாதம்.
கோட்டைக்கல்லாறில் நான் இறங்கிவிடுகிறேன்,
சில நாள் அதற்கும் முந்தி.
அவள் போய்க்கொண்டே இருக்கிறாள்.
"செட்டிபாளையம்" என்கிறாள் இருட்டுக்குள்.
"நீங்க எங்க நிக்கிறீங்க?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
அவளுக்கும்.
அவ்வளவுதான்,
இரண்டு பேரும் எழும்பிப் போய்
மாற்றுத் துணி தேடினோம்.